நிற்கிற பிளேனுக்குப் பயந்தவர்

என் மனுசனுக்குப் பறக்கப் பயமில்லை. பிளேன் நிலத்தில் நிற்கத்தான் பயம். இப்படியொரு வியாதியை எந்த டொக்டரிடம் போய்ச் சொல்வது?

எல்லாம் தொலைக்காட்சியால் வந்த வினை. எங்கோ ஒரு நாட்டுச் சண்டையில், விமான நிலையத்தில் சும்மா நின்ற பயணிகள் விமானங்களைக் குண்டு போட்டு எரித்துவிட்டார்கள். வெஸ்ட்லியில் உள்ள எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்தபடி மனுசன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பாத்தீரே, பறந்தது ஒண்டும் எரியேல்லை. நிண்டதுதான் எரிஞ்சது."

அந்த நேரம் பார்த்து, இந்தப் பனி நாட்டின் வடக்கு முனையில், ஹம்மர்பெஸ்டில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் முதல் பேத்தி. காரில் போவோம் என்றார்.

"உந்தப் பனிக்குள்ள உருட்டிக்கொண்டு போய்ச் சேர, பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்!" என்று கத்தினேன்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: நாங்கள்தான் கடைசியாக ஏற வேண்டும். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை ஆள் அசையவில்லை. எனக்கு மானம் போயிற்று.

ஏறி இருந்து பெல்ட்டும் போட்டோம். பிளேன் கொஞ்சம் நகர்ந்து திரும்பவும் நின்றது. இறக்கையில் பிடித்த பனியைக் கரைக்க மருந்துத் தண்ணீர் அடிக்கப் போவதாக அறிவித்தார்கள்.

"ஏன் நிக்குது?"

"உங்களைக் கேளாமல் நிண்டிட்டுது. பேசாமல் இருங்கோ."

தலைக்கு மேல் 'ஸ்ஸ்ஸ்' என்று பெரிய இரைச்சல். ஜன்னல் மங்கியது.

"பொம்மர்! கீழ படும்!"

கலியாணம் முடித்த புதிதில், யாழ்ப்பாணத்தில் குண்டு போட விமானம் வரும்போதெல்லாம் நான் கேட்ட அதே குரல். கீழே விழுந்து என் தலையை அமுக்கினார். அமுக்கத் தேவையே இருக்கவில்லை. என் பெல்ட் எப்போது கழன்றதென்று தெரியாது, அவருக்கு முன்பே நான் கீழே கிடந்தேன்.

விமானப் பணிப்பெண் ஓடி வந்து என்ன நடந்தது என்று கேட்டாள். மோதிரம் விழுந்துவிட்டது என்று அவளுடைய மொழியில் புளுகினேன். பாவம், அவளும் முழங்காலிட்டுத் தேடினாள்.

இரைச்சல் அடங்கியது. மனுசன் எழுந்து காற்சட்டையைத் தட்டி, இருக்கையில் அமர்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"இஞ்சாரும், எழும்பும். நீர் சீட்டில இருந்தால்தான் பிளேன் வெளிக்கிடும். பேத்தியைப் பாக்க வேண்டாமே?"

பார்க்க வேண்டும். அவரைவிட எனக்குத்தான் அவசரம். ஆனால் தலையைப் பொத்திய இரண்டு கைகளையும் என்னால் எடுக்க முடியவில்லை.