ஒரு கண் மஞ்சள், ஒரு கண் சிவப்பு

எனக்கு எண்பத்து நாலு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் கொழுந்தன் பிள்ளைகள், தாயை இழந்து என்னிடம் வந்தவர்கள். ஆறு பேரும் இன்று குறையில்லாமல் இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்கு ஒன்றுகூடினால் கார் விளக்குக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தக் கதையில் வரும் முட்டாள் நான்தான். அவர்கள் சொல்வது என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்த கதை. நடந்தது வேறு. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

எழுபதுகளின் ஆரம்பம். வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அந்த ஊர்ப் பெரிய வீட்டில் கார் ஓட்டினார். அந்த வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர். கிறிஸ்தவ வேதக்காரர்கள். அவரை எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் சம்சாரத்தை மதாம் என்று. நான் தினமும் காலையில் அங்கே போய் மாவாட்டி, மசாலா அரைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். என் கைப்பக்குவம் இல்லாமல் மீன் குழம்பு இறங்காது என்று மதாம் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

முசேயின் மூத்த மகன் பிரான்சிலிருந்து லீவில் வந்தபோது இரண்டு விளக்கு கொண்டுவந்தான். காரோடு வந்த விளக்கைக் கழற்றிவிட்டு இவற்றை மாட்டினார்கள். அந்த நாட்டில் எல்லா வண்டிக்கும் மஞ்சள் வெளிச்சம்தானாம். உள்ளே இருக்கும் பல்பின் கண்ணாடியே மஞ்சள். பொழுது சாய்ந்து கார் வந்தால், முசே வருகிறார் என்று பாகூர் வரைக்கும் தெரியும். முசேக்குக் காரைவிட அந்த விளக்கு பெரிது.

முசே மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது இடப்பக்க விளக்கில் பல்பு பியூஸ் போய்விட்டது. பள்ளத்தில் விட்டுக் குலுக்கிவிட்டாய் என்று என் வீட்டுக்காரர் மேல் பழி. பிரான்சுக்குக் கடிதம் போட்டால் வந்து சேர இரண்டு மாதம் ஆகும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்வலம் வரும்போது இரண்டு கண்ணும் மஞ்சளாக எரிய வேண்டும், இல்லையென்றால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்கிறேன் என்று முசே சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் வந்து சுவரோரம் உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. டவுனில் ஒரு கடை விடாமல் கேட்டாராம், வெள்ளைப் பல்புதான் இருக்கிறதாம். உள்ளே ஆறு பிள்ளைகள் தூங்குகிறார்கள். நான் கேட்டேன், வெள்ளைப் பல்பைப் போட்டுக் கண்ணாடிக்கு மஞ்சள் பூசினால் என்ன என்று. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஒரு நாள் அவருக்கு நான் அறிவாளி.

வில்லியனூர் மெக்கானிக்கிடம் விளக்கைக் கழற்றினார்கள். நானும் போனேன். நாட்டுப் பல்பின் காது அந்தச் சீமை விளக்கின் குழியில் உட்காரவில்லை. மெக்கானிக் குழியை அரத்தால் ராவி உட்கார வைத்தான். கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அதற்குப் பதில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினான்.

மஞ்சள் வேலை என்னுடையது. விரலி மஞ்சளை இடித்துச் சாராயத்தில் ஊற வைத்தேன். தண்ணீரில் கரைத்தால் கலங்கும், சாராயத்தில் தெளிவாக இறங்கும். தெளிந்ததை இறுத்து, வேலம்பிசின் கரைசலோடு சேர்த்து, கோழி இறகால் கண்ணாடியின் உள்பக்கம் தடவினேன். ஒரு தடவை காய வைத்து, மறுபடி தடவி, மூன்று கை. சீமை மஞ்சளுக்கும் என் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஷெட்டில் போட்டுக் காட்டியபோது முசே என் வீட்டுக்காரர் தோளைத் தட்டிக் கொடுத்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, டவுனில் ஒரு சாயபு கடையில் என்றாராம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அவரிடம் ஒன்று மட்டும் சொல்லியிருந்தேன். வெற்றிலை போடுகிற கை, சுண்ணாம்பு பட்ட விரலோடு அந்த விளக்கைத் தொடாதே என்று. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சோடா உப்புக்கும் அதே குணம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. அது என் தப்பு. அதை நான் மறைக்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் அவர் காரைக் கழுவினார். எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டுமென்று ஒரு வாளி சோடா உப்புத் தண்ணீர். மோளச் சத்தத்தில் அவசர அவசரமாக முன்பக்கம் முழுக்க ஊற்றியிருக்கிறார். சைக்கிள் டியூப் சந்தில் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. பகல் வெயிலில் பூ அலங்காரம் போட்ட காரில் விளக்கை யார் பார்த்தார்கள்.

மாதா கோயிலில் திருமணம் முடிந்து, ஊர் சுற்றி, பொழுது இறங்கும் நேரத்தில் வீட்டுக்கு வருகிறார்கள். வேதக்காரர்கள் ஆனாலும் வாசலில் ஆரத்தி உண்டு. மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்து அந்த ஆரத்தியைக் கலந்தவளே நான்தான். தட்டோடு பெண்கள் வரிசையாக நிற்கிறோம். தெருமுனையில் கார் திரும்பியது. திரும்பும்போதுதான் அவர் விளக்கைப் போட்டார்.

ஒரு கண் மஞ்சள். ஒரு கண் ரத்தச் சிவப்பு.

நான் தட்டைக் குனிந்து பார்த்தேன். அதே நிறம். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி, வாசல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"தட்டு எதுக்குடி, வெச்சுடுங்க. காரே ஆரத்தி எடுத்துகினு வருது."

மோளக்காரன் வரைக்கும் சிரித்தான். காருக்குள் மணப்பெண் என்னவென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். முசே இறங்கி முன்னால் வந்து விளக்கைப் பார்த்தார். கண்ணாடிக்குள் பிசின் கரைந்து சிவப்பாக வழிந்து நின்றது.

"இன்னாடா இது? டவுன்ல வாங்குனேன்னியே."

என் வீட்டுக்காரர் என் பக்கம் கையை நீட்டினார்.

"எல்லாம் இவ செஞ்ச வேல முசே. பொம்பள புத்தி. எனுக்கு ஒண்ணும் தெரியாது."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கையில் ஆரத்தித் தட்டு. மதாம் வந்து அதை என் கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். மறுநாளிலிருந்து அரைக்க வர வேண்டாம் என்று ஆள் விட்டார்.

அவர் வேலை போகவில்லை. முசேக்கு யாராவது ஒருவர் குற்றவாளியாக இருந்தால் போதும், அது டிரைவராக இருந்தால் மறுநாள் கார் ஓட்ட ஆள் தேட வேண்டும். என் வீட்டுக்காரர் இன்னும் பதினான்கு வருடம் அந்தக் காரை ஓட்டினார். நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். கூப்பிடவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பஞ்சில் சுற்றிச் சீமைப் பல்பு வந்தது. மெக்கானிக் குழியை ராவிவிட்டானே, அது அதில் நிற்காமல் ஆடியது. கடைசியில் அந்த விளக்கையே கழற்றிவிட்டு, காரோடு வந்த பழைய விளக்கை மாட்டினார்கள். வெள்ளையாக எரிந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்று நாங்கள் பயந்ததற்கு இவ்வளவுதான் விலை.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அவரிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"உம் பேரு போனா இன்னா? சோறு போவுல இல்ல?"

உள்ளே ஆறு பிள்ளைகளும் அந்தச் சோற்றைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள். அவர் சொன்னது நியாயம் என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன்மேல் போடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே முன்னால் வந்து என்மேல் போட்டுக்கொண்டிருப்பேன். என்னைக் கேட்காமல் என் பேரைக் கொடுத்தார். பிறகு வீட்டில் அதையே கதையாக்கிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். முதல் தடவை சொன்னபோது என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம் பார்க்கவும் இல்லை.

போன வருடம் அவர் காரியத்தன்றும் என் பெரிய மகன் வந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொன்னான். நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தவில்லை.

அவ்வளவுதான் பாப்பா. சோடா உப்பு என் தப்புன்னு சொன்னேனே, அத வுட்டுடாத. சோறு போவுலன்னு அவரு சொன்னதயும் வுட்டுடாத, ரெண்டும் இருக்கணும். எங்க, மொதல்லேர்ந்து படி. மெதுவா.