மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமா

இன்று காலை சிதம்பரத்தில், என் ஸ்டிக்கர் கடையில். கிள்ளையிலிருந்து ஒரு மீனவர், புதுப் படகுக்குப் பெயர் வெட்ட வந்திருந்தார். ராகுகாலத்துக்கு முன் ஒட்டியாக வேண்டும்.

வெட்டும் மெஷினில் வினைல் ஸ்டிக்கர் தாள் உரசி மின்னேறி, ஒவ்வொரு முறையும் மூன்றாவது எழுத்தில் கம்ப்யூட்டர் தொடர்பு அறுந்தது. சிவப்பு வினைலில் கடைசித் துண்டுதான் மிச்சம்.

"இன்னா தம்பி, படகு கரையிலயே கெடக்கணுமா?"

கோபத்தில் மெஷினைப் பிடித்தவர், சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கழுவிய ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தார்.

கரண்ட் இல்லை. கடை ஓடிய இன்வெர்ட்டரில் எர்த் கம்பியும் இல்லை. மெஷினில் ஏறிய மின்சாரம் அவர் உடம்பு வழியாகத்தான் தரைக்கு இறங்கியிருக்கிறது.

"மாமா, திரும்பப் பிடிங்க. வெட்டி முடியிற வரைக்கும் உடாதீங்க."

"நான் இன்னா போஸ்ட் கம்பமா?"

திட்டிக்கொண்டே பிடித்திருந்தார். கடைசி எழுத்து வரை வெட்டியது.

இப்போது பஸ் ஏறிவிட்டார். மதியம் ஒரு கல்யாணக் காருக்குப் பெயர் வெட்டும் வேலை இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மெஷினைப் பிடிக்க யாருக்காவது நேரமிருக்கிறதா?