காதில் சொல்லாதவர்

குத்தகைக்காரனை நிலத்தை விட்டு வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்த பிறகுதான் பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு உழுத என் வீட்டுக்காரர் தலை நிமிர்ந்து நடந்தார். அந்தத் தலையில்தான் அடி விழுந்தது. எங்கள் முறைத் தண்ணீருக்கு மடை திறக்கப் போனவரை வாய்க்காலிலிருந்து தூக்கி வந்தார்கள். மண்டை பிளந்திருந்தது. அடித்தது பண்ணை நிலங்களை மேற்பார்க்கும் காரியக்காரர் என்று ஊரே முணுமுணுத்தது. பார்த்தேன் என்று சொல்ல ஒரு நாக்கும் எழவில்லை.

“உன் புருஷன் முழிச்சுச் சொல்லட்டும், பாக்கலாம்” என்றார் போலீஸ்காரர்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கண் மூடிக் கிடந்தார். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: “மூளைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கும்மா. நினைவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். திரும்புனாலும் பழைய ஆளா இருப்பாருன்னு சொல்ல முடியாது.”

பழைய ஆள் எனக்கு வேண்டாம், ஒரு பெயரைச் சொல்லும் வாய் போதும் என்று நினைத்தேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது பாசமில்லை, வெறி.

நினைவில்லாமல் கிடப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் காதருகே குனிந்து, ‘இன்னார் வந்திருக்கேன்’ என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூடச் சொல்லிவிட்டுப் போனான். காரியக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கால்மாட்டிலேயே நின்றார்.

“பேசுவானாமா?”

“காதுல சொல்லுங்க, நீங்க வந்திருக்கீங்கன்னு. கேட்டுக்கட்டும்.”

அவர் குனியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அறுவடைக்கு முன்னால் கண் திறந்தார். பேச்சு திரும்பியது, ஞாபகம் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, “நீங்க யாருங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் ஒன்று உறைத்தது. இது எனக்கும் டாக்டருக்கும்தான் தெரியும்.

“பேச்சு வந்துடுச்சு. ஒண்ணொண்ணா சொல்றாரு” என்று, அவரை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் ஊரில் சொல்லி வைத்தேன். யாரையும் அவரிடம் நெருங்கிப் பேச விடவில்லை.

சாயங்காலமானால் அவருக்கு வெள்ளை வேட்டி கட்டி மதகடியில் உட்கார வைப்பேன். பண்ணைக்குப் போக வேறு பாதை கிடையாது. சைக்கிள் தெரிந்ததும் அவர் காதருகே குனிந்து, “காரியக்காரரு வராருங்க” என்பேன். யாரைச் சொன்னாலும் அவர் திரும்பிப் பார்ப்பார். பார்த்தால் கண்ணை எடுக்க மாட்டார். காரியக்காரர் இறங்கி, குனிந்த தலையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். எங்கள் வயல் பக்கம் பிறகு அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“யாருங்க அவரு? சைக்கிள வச்சுக்கிட்டு ஏன் நடக்குறாரு?” என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

“நடக்கட்டும்” என்பேன்.