மாமிக்கு வராத கொப்பளிப்பான்

அம்மாள் ஒரு முறை வந்து இறங்கிய உடம்புக்கு மறுமுறை வரமாட்டா என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. சின்னம்மையான கொப்பளிப்பானை நாங்கள் அந்தப் பெயரால் சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்போம். எனக்கு ஆறு வயதில் அவ வந்து போனதால், இனி அம்மாள் கண்டு கிடக்கும் எந்த வருத்தக்காரரின் பாயருகிலும் நான் அச்சமின்றி இருக்கலாம் என்று முடிவாயிற்று. அந்த நம்பிக்கை பெரிய பிழை என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். அதை யாருக்குப் பொருத்தினார்கள், யாருக்குப் பொருத்தாமல் விட்டார்கள் என்பதே என் வழக்கு.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, உடுவிலில் விடுதியில் தங்கிப் படிக்க ஓர் இடம் கிடைத்தது. அளவெட்டியில் புகையிலைத் தோட்டம் செய்த அப்பாவைச் சம்மதிக்கவைக்க அம்மாவுக்கு ஒரு வருடம் பிடித்தது. தை பிறந்ததும் பள்ளிக்கூடம் தொடங்கும். தகரப் பெட்டியில் என் உடுப்புகளை அம்மா அடுக்கி முடித்திருந்த மார்கழியில், தெல்லிப்பழையிலிருந்து மாமி மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். மாமி அப்பாவின் அக்கா. அவருடைய கணவர் மலாயாவில் உத்தியோகம். வீட்டில் மாமியும் மூன்று பிள்ளைகளும்தான். கடைக்குட்டிக்கு அம்மாள் வந்துவிட்டாவாம்.

"உனக்குச் சின்னனிலை வந்ததோ, அக்கா?" என்று அப்பா கேட்டார்.

"எனக்கெங்கை வந்தது? கிட்டப் போனால் நானும் விழுந்திடுவன். பிறகு மூண்டையும் ஆர் பாக்கிறது? உன்ரை பெட்டைக்கு வந்திட்டுதுதானே. பத்து நாளைக்கு விடு."

"அவளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கப்போகுது."

"உவள் படிச்சு அரசாங்கக் கச்சேரியிலை துரைக்குப் பக்கத்திலை இருக்கப்போறாளோ? வண்டி நிக்குது, தம்பி. சுறுக்கா அனுப்பு."

அப்பா அவரிலும் எட்டு வயது இளையவர். மாமியின் குழந்தைப் பருவத்துக்குச் சாட்சி சொல்ல அன்று யாரும் உயிரோடு இல்லை. நான் வண்டியில் ஏறினேன்.

அம்மாள் வந்த வீட்டுக்கு ஒரு முறை உண்டு. படலையில் வேப்பிலை கட்டியபின், கடைசியாக விழுந்தவருக்கு வேப்பிலையும் மஞ்சளும் இட்ட தண்ணீர் வார்த்து முடியும்வரை, பார்த்துக்கொள்பவர் வெளியே போகக்கூடாது. மூன்று பிள்ளைகளும் ஒன்றாக விழுந்திருந்தால் தை பிறக்கும்முன் நான் திரும்பியிருப்பேன். ஒருவருக்கு ஆறும்போது அடுத்தவருக்கு அரும்பியது. கடைசியாக மூத்த மகளுக்கு, என்னிலும் ஒரு வயது இளைய என் மச்சாளுக்கு, வந்தது. அவளுக்கு நான் தண்ணீர் வார்த்த நாளில் தையும் முடிந்து மாசி நடந்துகொண்டிருந்தது. உடுவிலில் என் இடத்துக்கு வேறொரு பிள்ளையைச் சேர்த்துவிட்டார்கள். அவர்கள்மேல் குறையில்லை, எத்தனை நாள்தான் காத்திருப்பார்கள்? அப்பா மறுபடி சம்மதிக்கவில்லை. அடுத்த தையில் மச்சாள் அதே விடுதிக்குப் போனாள்.

அன்றிலிருந்து நான் பொறுமையாக இருந்தேன். என் பொறுமையைப் பலரும் குணம் என்று எண்ணினார்கள். மச்சாள் வாசித்து முடித்த புத்தகங்களை இரவல் வாங்கி, முதற்பக்கத்தில் அவள் பெயரைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். கல்யாணமான பின்னும், உறவில் எங்கே அம்மாள் வந்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். ஒவ்வொரு பாயருகிலும் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே: ஒருமுறை மாமியிடம் போ, தாயே.

உலகப்போர் நடந்த காலத்தில் அந்தச் செய்தி வந்தது. மாமிக்கு அப்போது அறுபது வயதிருக்கும். தெல்லிப்பழைக்கு நான் நடந்த நடையில் துக்கம் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கொப்பளங்கள் வலது இடுப்பில் மட்டும், அரைப்பட்டி கட்டியதுபோல் ஓடியிருந்தன. சேலை பட்டாலே மாமி துடித்தார். இது நான் அறிந்த அம்மாள் அல்ல என்று கண்டவுடன் எனக்குத் தெரிந்தது. ஆசிரியையாகி அந்த வீட்டிலேயே இருந்த மச்சாள் வைத்தியம் பார்க்க அப்போதிக்கரியை அழைப்பித்தாள். வாசலில் அயலட்டைப் பெண்கள் இருவர் நின்றார்கள்.

"இது கொப்பளிப்பான் இல்லை, அக்கி," என்றார் அப்போதிக்கரி. "சின்னனிலை வந்த கொப்பளிப்பான் முழுக்கப் போறேல்லை எண்டு இப்ப சில டொக்குத்தர்மார் சொல்லினம். உள்ளுக்கை நித்திரையாக் கிடந்து, வயது போக இப்பிடி எழும்புமாம். முந்தி அது வராத ஆளுக்கு இது வராதாம்."

நான் குரலை உயர்த்தவில்லை. "மாமிக்குத்தான் ஒருக்காலும் வரேல்லையே, ஐயா. என்ரை அப்பாட்டை அவவே சொன்னவ."

"வந்திருக்கும். யோசிச்சுச் சொல்லுங்கோ, அம்மா."

மாமி சுவரைப் பார்த்தபடி கிடந்தார். "ஏழு வயதிலை," என்றார்.

"அப்ப அந்த முறை பிள்ளையளுக்குக் கிட்டப் போக ஏன் அக்கா பயந்தனீங்கள்?" என்று வாசலில் நின்ற ஒருத்தி கேட்டாள். எனக்கு அதற்குப் பதில் தேவைப்படவில்லை.

அப்போதிக்கரி போனதும் மச்சாள் என்னிடம் வந்தாள். "ரண்டு கிழமை நிண்டு பாத்துவிடு, மச்சாள். பள்ளிக்கூடத்திலை சோதினை நேரம்."

"லீவெழுதிக் குடு. உனக்கும் அம்மாள் வந்து போனதுதானே. நான்தான் தண்ணி வார்த்தனான்."

"டீச்சருக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியுமோ?" என்றாள் வாசலில் நின்றவள்.

"புத்தகம் பாத்துக் காய்ச்சுவா," என்றாள் மற்றவள்.

மச்சாளின் முகம் சிவந்தது. அவள் குற்றம் எதுவும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் நானும் செய்யவில்லை.

புறப்படும்முன் பழைய மல்வேட்டியைக் கிழித்து, கொப்பளம் உடையாமல் எப்படி இடவேண்டும் என்று அவளுக்குக் காட்டினேன். மாமியை நோகாத பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பயத்திலை சொல்லிப்போட்டன், பிள்ளை."

அதை நம்பினேன். நம்பியும் கையை விடுவித்துக்கொண்டேன்.

புண் ஆறியபின்னும் வலி மாதக்கணக்கில் நின்றதாம். மச்சாள் ஒரு தவணை முழுவதும் சம்பளமில்லாத லீவில் இருந்தாள். அவளுக்காகக் கொஞ்சம் வருந்தினேன். மாமிக்காக வருந்த முயன்றும் முடியவில்லை. அதற்குப் பிறகு உறவில் யாரும் எனக்கு ஆள் அனுப்பவில்லை.

மாமி அதன்பின் ஆறு வருடம் இருந்தார். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். மச்சாளின் தம்பிமார் இருவரும் மலாயாவுக்குத் தகப்பனிடம் போனவர்கள், திரும்பவில்லை. தெல்லிப்பழையில் மச்சாள் இருக்கிறாள். அளவெட்டியில் நான் இருக்கிறேன்.