இரண்டு மார்க் லைன்

இஞ்ஞாசிமுத்து அண்ணன் தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு சப்ஸ்டேஷனில் ஷிப்ட் ஆபரேட்டர். முப்பது வருட சர்வீஸில் ஒரு டீயைக்கூட ஓசியில் குடித்ததில்லை. பக்கத்து சப்ஸ்டேஷனில் அதே வேலை பார்க்கும் எனக்கு அவரைக் கண்டால் மரியாதையும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

மின்சாரம் பற்றாத நேரத்தில் எந்த லைனை நிறுத்துவது என்று போன வருடம் முதல் கம்ப்யூட்டர்தான் சொல்கிறது. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு மார்க் உண்டு. ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார் இருந்தால் பத்து. வெறும் வீடுகள் என்றால் ஒன்றோ இரண்டோ. எதை எதை நிறுத்தினால் மொத்த நஷ்டம் மிகக் குறைவு என்று ஆயிரம் விதமாகப் போட்டுப் பார்த்து நொடியில் சொல்லிவிடும். கணக்கில் குற்றமே இல்லை. மார்க் போட்டது நாங்கள்.

வட்டாரத்தின் மற்ற ஏழு சப்ஸ்டேஷன் ஆட்களான நாங்கள் கூச்சமே இல்லாமல் எங்கள் லைன் அத்தனைக்கும் பத்து போட்டோம். என் லைனில் ஆஸ்பத்திரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் வீடு இருக்கிறது, அவ்வளவுதான். அண்ணன் மட்டும் உள்ளதை எழுதினார்; அவருடைய மற்ற லைன்களில் ஆஸ்பத்திரியோ குடிநீர் மோட்டாரோ இருந்ததால் அவற்றுக்குப் பத்து. தங்கச்சி லூர்து மேரி குஞ்சு பொரிக்கும் மெஷின் வைத்திருக்கும் லைனுக்கு நியாயமாக ஐந்து போடலாம். சொந்தத்துக்குச் செய்ததாக ஆகிவிடுமே என்று இரண்டு போட்டார்.

வீரபாண்டித் திருவிழா வாரத்தில் மூன்று நாள் பற்றாக்குறை வந்தது. மூன்று நாளும் கம்ப்யூட்டர் அந்த ஒரே லைனைத்தான் கேட்டது, தடவைக்கு நாலைந்து மணி நேரம். அண்ணன் தன் கையாலேயே நிறுத்தினார். மேரியின் இன்வெர்ட்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. இன்னும் இரண்டு நாளில் பொரிய வேண்டிய எண்ணூறு முட்டையும் செத்துப்போயின.

குழி வெட்டிக் கொட்ட நானும் போனேன். உடைந்த ஓடுகளுக்குள் இறகு முளைத்த குஞ்சுகள் பிதுங்கிக் கிடந்தன.

"நம்ம லைனுக்கு ரெண்டு போட்டது யாருண்ணே?" என்று கேட்டாள் மேரி.

"நாந்தேன் ஆத்தா. எல்லாரும் உள்ளதத்தேன் போட்டிருப்பாக. நாம மட்டும் கூட்டிப் போட்டாத் தப்பில்லையா?"

அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் பத்து போட்டதைச் சொல்லாமல் நான் குழியை மூடினேன். நினைத்தால் என் முகத்திலேயே துப்பத் தோன்றுகிறது.

போன வாரம் மார்க் எழுத புதுப் படிவம் வந்தது. அண்ணன் போன் செய்தார்.

"மேரி திரும்பவும் முட்டை வச்சிருக்காப்பா. அஞ்சு போடட்டுமா? அங்கன மத்தவுக எப்படிப் போடுறாக?"

"உள்ளதத்தேன் போடுறோம்ணே."

"அப்ப ரெண்டே இருக்கட்டும்," என்றார்.

போனை வைத்துவிட்டு என் லைனுக்குப் பத்து என்று எழுதினேன்.