மஞ்சள் பக்கத்தில் நான் விற்ற லாரி

இன்று காலையில் ஒரு போன். வைத்த தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்!

பேசியது அக்கா மகள் கவிதா. போனில் எதையாவது தேடினால் முதல் வரிசையில் வந்து நிற்குமே விளம்பரம், அதை விற்கிற கம்பெனியில் வேலை.

"சின்னம்மா, ரிசெஷன் வருதாம்லா. ஆபிஸ்ல ஒரே பேச்சு. எங்க வேலை நிக்குமா, போகுமா? நீங்களும் அந்தக் காலத்துல இதே வேலைதான பாத்தீங்க?"

இதே வேலையா! நான் விற்றது டெலிபோன் புத்தகத்தின் மஞ்சள் பக்கத்தில் விளம்பரம். (அதில் தேட விரலில் எச்சில் தொட வேண்டும்!)

யோசித்துப் பார்த்தால் இதேதான்.

எண்பதுகளின் நடுவில், எங்கள் ஊர் ஈப்போ. ஈய விலை விழுந்து, லம்பங்களை, அதாவது ஈயச் சுரங்கங்களை, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட்டில் அப்பாவுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எங்கள் மேனேஜர் தனபாலன் சார் திங்கட்கிழமை சொன்னார்: "வியாபாரம் படுத்துட்டா கடைக்காரனுக்கு விளம்பரம் இன்னும் வேணும்மா. நமக்கு நல்ல காலம்!"

அதே மனுஷன் வெள்ளிக்கிழமை: "வியாபாரமே இல்ல, எவன்மா விளம்பரம் குடுப்பான்? ஆளக் கொறைக்கச் சொல்றாங்க. புக்கு அச்சுக்குப் போறதுக்குள்ள பெரிய விளம்பரம் ஒண்ணு புடிச்சிட்டு வா. இல்லாட்டி மொதல்ல நீதான்."

எது சரி? எனக்குத் தலை சுற்றியது.

தையல் கடை, பம்பு கடை, சைக்கிள் கடை. எல்லா இடத்திலும் கையை விரித்தார்கள். கடைசியில் புந்தோங்கில் காதர் பாய் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன்.

"என் கடையப் புக்குல தேடியா வருவானுங்க? மூக்கு இருந்தா போதும்லா!" என்றார் பாய். (மீன் கறி கொதிக்கிற வாசம். என் மூக்கும் அவர் பக்கம்தான்.)

ஓரத்து மேசையில் மாரி அண்ணன். லம்பத்து இயந்திரங்களை ஏற்றிப் பிழைத்த லாரிக்காரர். இப்போது லாரி வெளியே மரத்தடியில், அவர் உள்ளே ஒரு தேநீரோடு நாள் முழுக்க.

"தங்கச்சி, அந்தப் புக்குல நான் போடலாமா?"

"தாராளமா போடலாம்ணே! போன் நம்பர் சொல்லுங்க."

"போனு இல்லியே."

டெலிபோன் புத்தகத்தில் விளம்பரம், டெலிபோன் இல்லாமல்!

கல்லாவிலிருந்து பாய் கத்தினார். "என் நம்பரக் குடுத்துத் தொல. எப்படியும் இங்கதான ஒக்காந்திருக்க!"

அடுத்த சிக்கல், எந்தத் தலைப்பின் கீழ் போடுவது? "லம்பத்துச் சாமான் ஏத்துற லாரின்னு போடு. அப்படித்தான் என்னைய எல்லாருக்கும் தெரியும்."

"லம்பமே மூடிட்டாங்களேண்ணே. யாரு தேடுவா?"

அவர் முகம் வாடிவிட்டது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. அந்த வாரம் மட்டும் எங்கள் தெருவில் இரண்டு குடும்பம் வேலை தேடித் தலைநகர் கே.எல்லுக்குக் கிளம்பியிருந்தது. அதை நினைத்துக்கொண்டு, "வீடு மாத்துறவங்கன்னு போடலாம்ணே" என்றேன்.

"ஊரு காலியாகுதுங்கிற." மரத்தடியில் நின்ற லாரியைத் திரும்பிப் பார்த்தார். "சரி, போடு. பெருசாவே போடு. காசு மாசா மாசம் கட்டிர்றேன்."

கால் பக்கம்! என் வேலை தப்பித்தது.

புத்தகம் வந்தது. பாய் கடைப் போன் ஓயவில்லை! காம்பாரில் ஒரு கடை மூடுகிறார்கள், தெலுக் இந்தானிலிருந்து ஒரு குடும்பம் கிள்ளானுக்குப் போகிறது. ரொட்டி மாவு ஒட்டிய கையோடு பாய் ஓடுவார். "நான் என்ன இவனுக்குக் கிராணியா? கணக்கப்புள்ள வேலையெல்லாம் பாக்குறேன்!" என்று திட்டிக்கொண்டே எழுதி வைப்பார். மாரி அண்ணனைக் கடையில் பார்க்கவே முடியவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மத்தியானம் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பாய் சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதினார்.

"மேச எட்டு... அலமாரி நாலு... டைப்ரைட்டர் மூணு, பத்திரமா ஏத்தணும். கே.எல்லுக்கு. எந்த எடம் சார்? மாடியா? கீழ பல் டாக்டர், பக்கத்துல துணிக்கடை. சரி, சரி."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. அந்த மாடியில் இருப்பது ஒரே ஆபிஸ்தான். என் ஆபிஸ்!

"யாரு பாய் பேசுனது?"

"தனபாலனாம்லா. மஞ்ச பக்கத்துல பாத்தாராம்."

அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

கே.எல்லுக்குப் போவது ஆபிஸ் மட்டும்தான், எனக்கு அங்கே இடமில்லை என்றார் தனபாலன் சார். சனிக்கிழமை லாரி வந்தது. படியில் என்னைப் பார்த்ததும் மாரி அண்ணன் தூக்கிய நாற்காலியைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, ஒன்னோட ஆபிஸா இது? எனக்குத் தெரியாதே! இந்த வேல வேணாம்னு சொல்லிரவா?"

"ஏத்துங்கண்ணே. நீங்க இல்லாட்டி வேற லாரி வரும். அப்புறம் நான் வித்த விளம்பரம் எதுக்கு?"

என் மேசையை மட்டும் கடைசியாக இறக்கினார், ஒரு கீறல் படாமல். டிராயரிலிருந்து சீப்பையும் குடையையும் எடுத்துக்கொண்டு நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

இதெல்லாம் இன்று கவிதாவிடம் சொன்னேன். அவள் இன்னும் குழம்பிப்போனாள்.

"அப்ப ரிசெஷன்ல விளம்பரம் நிக்குமா, போகுமா சின்னம்மா?"

"விளம்பரம் நின்னுச்சும்மா. நான்தான் போனேன்."

ஆபிஸுக்கு நேரமாச்சு என்று போனை வைத்துவிட்டாள். பாவம் பிள்ளை.

இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். நான் விற்றது நல்ல விளம்பரமா, இல்லையா?