எட்டா, ஆறரையா

ஜெர்மனிக்கு வந்த இரண்டாம் வருடம், காட்டோரத்து ஊர் ஒன்றின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி பிள்ளைகள் ஊரில். நாள் முழுக்க என்னோடு கதைத்தவர் முதலாளி ஒருவர்தான். அதுவும் தன் மகளுக்கு எந்த வேட்டைத் துவக்கு சரி என்பதைப் பற்றியே கதைப்பார். பாதிதான் விளங்கும்.

அவளுக்குப் பதினாறு வயது. மான் வேட்டைக்கு அனுமதி எடுத்துவிட்டாள். சின்ன மானுக்குச் சிறிய ரவையே போதுமாம். பெரிய மானுக்கு ரவையின் குறுக்களவு ஆறரை மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சட்டம் விடாதாம். ஆறரை தோளில் அவ்வளவாக உதைக்காது. முதலாளிக்கோ தன் எட்டு மில்லிமீற்றர் துவக்கையே அவளுக்குக் கொடுக்க ஆசை. பழகினால் சரிவரும் என்பார்.

ஒரு ஞாயிறு, சுட்டுப் பழகும் இடத்துக்கு உதவிக்குக் கூப்பிட்டார். விரதக்காரன் நான், உயிர்க்கொலைக்குத் துணைபோவதா என்று தயங்கினேன். என் அறையில் இருந்த அண்ணை இரவு வேலைக்காரர். ஞாயிறுதான் முகம் பார்ப்போம். அவர் சிரித்தார்.

"முருகனே வள்ளிக்காக வேட்டைக்கார வேசம் போட்டவர். நீர் குறிக் கடதாசி மாட்டப் போறதில என்ன தோசம்? போயிட்டு வாரும்."

மகள் அந்த எட்டு மில்லிமீற்றரால் சுடச்சுடக் குறி விலகியே போனது. முதலாளி தூரக்கண்ணாடியால் கடதாசியைப் பார்த்தார். நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். விசையை இழுக்குமுன்பே கண் இறுக மூடிவிட்டது. ஊரில் செல் குண்டு வரும் சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் மூடுவோம். இப்படிச் சுட்டால் மான் சாகாது. காயத்தோடு காட்டுக்குள் ஓடிக் கிடந்து துடிக்கும். அந்தப் பாவம் இந்தப் பிள்ளையைச் சேருமே என்று மனம் பதைத்தது. தெரிந்த ஜெர்மன் சொற்களைப் பொறுக்கிச் சொன்னேன்.

"முதலாளி, பிள்ளை பயப்படுது. கண்ணை மூடுது."

அவர் நம்பவில்லை. அடுத்த முறை ரவை போடாமலே, அவளுக்குச் சொல்லாமல் துவக்கை நீட்டினார். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. குழல் முனையோ, உதை வருமென்ற பயத்தில், கீழே குத்தி எழும்பியது. அவர் அவள் தோளைத் தடவிவிட்டார். பிறகு ஆறரை வாங்கினார்.

இலையுதிர் காலத்தில் ஒரு மானைக் கடையின் பின்புறம் கிடத்தியிருந்தார்கள். அதன் வாயில் ஒரு பச்சைக் கொப்பு. கடைசி வாய்ச் சாப்பாடாம், வேட்டைக்காரர் வழக்கமாம். தானே சுட்டு, தானே வைத்ததாக அவள் சொன்னாள். அந்த வருடம்தான் ஊரில் என்னைப் பெற்ற ஐயா மோசம் போனார். மூத்தவன் நான் இங்கே இருக்க, அயலவர்தான் வாய்க்கரிசி போட்டார்கள்.

சிவசிவா என்று மானைக் கும்பிட்டேன். ஏன் என்று அவள் கேட்டாள். அதைச் சொல்ல என்னிடம் ஜெர்மன் இருக்கவில்லை. மான் துடித்ததா என்று மட்டும் கேட்டேன்.

இல்லை என்றாள்.